நாலாவது நம்பர்

பெரியநாயக்கன்பாளையம்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள ரியாசு,

நலமா? அத்தாவும் அம்மாவும் சுகமா? பெங்களூர்க் குளிருக்கு நீ இன்னும் அந்த ஓட்டை ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறாயா?

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் புராஜக்ட் விஷயம் என்றால் மெயிலில் மட்டும்தான் என்று ஹாஸ்டலில் நீ போட்ட சட்டத்தை நான் இன்றுவரை மீறியதில்லை. கோட் எழுதும்போது போன் அடித்தால் நீ ஆடுகிற ஆட்டம் எனக்குத்தானே தெரியும்!

பம்பு கம்பெனி வேலையை விட்டுவிட்டு நான் செய்த பெட்டியை வெள்ளகோவிலில் பொங்கியண்ணன் என்பவரின் கோழிப்பண்ணையில் மாட்டியிருக்கிறேன். முதல் பெட்டி, முதல் பண்ணை. நாலு பக்கமும் அடைத்த ஷெட். கரண்ட் போய் ஃபேன் நின்றால் கோழிகள் மூச்சு முட்டிச் செத்துவிடும். யாராவது ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட வேண்டும். கரண்ட் போனதும் பெட்டிக்குள் இருக்கும் சிம்மிலிருந்து வரிசையாகப் போன் அடிக்கும். முதலில் பொங்கியண்ணன், அடுத்து அவர் வீட்டம்மா மாரியாத்தாள், மூன்றாவது நான். ஒருவர் எடுத்தாலும் நிற்காது. எல்லோரையும் ஒரு சுற்று எழுப்பிவிட்டுத்தான் ஓயும். சோதனைக்காக நாலாவதாக உன் நம்பரையும் போட்டு, பக்கத்தில் ‘இவன் எடுக்க மாட்டான், இருந்தாலும் அடி’ என்று குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன். எடுத்தால் என் குரல் கேட்கும்: "பொங்கியண்ணன் பண்ணைல கரண்ட் போயிருச்சுங்க." நீ ஒரு தடவையாவது எடுத்தாயா?

பிழை ஒன்றே ஒன்றுதான். ஒரு சுற்றோடு நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "ஏனுங்க தம்பி, உங்க பொட்டிக்கு எம்மேல அத்தனை பிரியமுங்களா?" என்று மாரியாத்தாள் அம்மா கேட்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கோட்டை அனுப்பியிருக்கிறேன். எந்த இடத்தில் கோட்டை விட்டேன் என்று மட்டும் சொல்.

"இந்த வெயில் காலம் தாண்டட்டுமுங்க, நானே நாலு பண்ணைக்காரங்ககிட்டக் கூட்டிட்டுப் போறேன்" என்கிறார் பொங்கியண்ணன். தாண்டிவிட்டால் நான் பிழைத்துக்கொள்வேன். இல்லையென்றால் பம்பு கம்பெனி வாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். எங்கள் வீட்டம்மா கயல்விழி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
தமிழ்


பெங்களூர்
16 பிப்ரவரி 2025

டேய் தமிழ்வேந்தா,

அந்த நம்பர் உன் பெட்டியா! ஏதோ லோன் தருகிறவன் என்று தினமும் வெட்டிக்கொண்டிருந்தேன்.

உன் கோட்டைத் திறந்தேன். யா அல்லா! பழைய இரும்பு வாங்குகிற ஆக்கர் கடையில்கூட இத்தனை ஒழுங்கீனம் பார்த்ததில்லை. போன் நம்பரை யாராவது கோட்டுக்குள்ளேயே எழுதி வைப்பார்களா? ஒரு பிழையைத் தேடப் போய், மனசு கேட்காமல் மொத்தத்தையும் பிரித்துப் புதிதாக எழுதிவிட்டேன். இனிமேல் போன் அடிக்கிற பழங்காலச் சமாச்சாரம் எல்லாம் கிடையாது. எல்லாம் சர்வர் வழியாக. பண்ணைக்காரர் போனில் ஒரு ஆப், அதில் செய்தி வரும், சூடு எத்தனை என்று படம் வரும். நாளைக்கு ஆயிரம் பண்ணை வந்தாலும் தாங்கும்.

உன் குறிப்புகளை எல்லாம் அழித்துவிட்டேன். கோட் என்றால் சுத்தமாக இருக்க வேண்டும்.

எத்தனை நாளாயிற்று தெரியுமா, இத்தனை சந்தோஷமாக உட்கார்ந்து எழுதி! கம்பெனியில் மீட்டிங் தவிர வேறென்ன வேலை எனக்கு? உனக்காக எழுதினேன், எனக்காகவும்தான். நன்றி கின்றி என்று எழுதினால் உதைப்பேன்.

உன்,
ரியாஸ்


பெரியநாயக்கன்பாளையம்
2 மார்ச் 2025

அன்புள்ள ரியாசு,

உதைத்தாலும் பரவாயில்லை, நன்றி. ஆப்பை மாட்டிவிட்டேன். பொங்கியண்ணன் பேத்தி கனிஷ்கா அதில் வரும் படத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, நம்ம கோழிக்குக் காச்சலா?" என்று கேட்டாளாம். ஊரே பார்த்துப் போகிறது. எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ எழுதியதைப் படித்தால் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நான் கட்டிய வீட்டுக்குள் நானே விருந்தாளி மாதிரி நின்றுகொண்டு, தண்ணீர்ச் சொம்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிறேன். என் குறிப்புகளையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா? உன் நம்பருக்குப் பக்கத்தில் எழுதியதையும் அழித்துவிட்டாயே!

இன்னொன்று. போனும் அடிக்கிற மாதிரிச் செய்ய முடியுமா? மாரியாத்தாள் அம்மா ஆப்பைத் திறந்தெல்லாம் பார்க்க மாட்டார். போன் அடித்தால் எடுப்பார்.

ரம்ஜானுக்குக் கோயமுத்தூர் வருவாயல்லவா? ஒரு நாள் வெள்ளகோவில் போய்விட்டு வரலாம். பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடு. கயல்விழி உனக்காக ஒப்புட்டு சுடுவதாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
தமிழ்


பெங்களூர்
4 ஏப்ரல் 2025

தமிழு,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பெருநாளுக்கு வந்தேன். உக்கடத்தில் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் பிரியாணி தின்றதிலேயே விடுமுறை தீர்ந்துவிட்டது. உன் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கயல்விழியின் ஒப்புட்டு எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

போன் அடிக்கிறதை அப்புறம் சேர்க்கிறேன். அதெல்லாம் பத்து வருஷத்துக்கு முந்தைய முறைடா. அந்த அம்மாவும் மெல்லப் பழகிக்கொள்வார்.

ஒரே ஒரு வேண்டுகோள். புரியவில்லை என்று நீயாக அதில் கை வைத்துவிடாதே. ஓரிடத்தில் தொட்டால் ஒன்பது இடத்தில் உடையும். ஏதாவது என்றால் மெயில் போடு. நான் எதற்கு இருக்கிறேன்?

உன்,
ரியாஸ்


பெரியநாயக்கன்பாளையம்
22 ஏப்ரல் 2025, செவ்வாய்

ரியாசு,

அவசரம். சனிக்கிழமையிலிருந்து ஆப்பில் செய்தி தாமதமாக வருகிறது. நேற்று கரண்ட் போய் அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது. நல்லவேளை, பொங்கியண்ணன் ஷெட்டுக்குள்ளேயே இருந்தார். வெயில் கொளுத்துகிறது. எங்கே மாற்ற வேண்டும் என்று மட்டும் ஒரு வரி எழுது, நான் பார்த்துக்கொள்கிறேன். "எங்க ஃப்ரெண்டுகிட்டக் கேட்டிருக்கறனுங்க, அவன் பாத்துக்குவான்" என்று பொங்கியண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தமிழ்


பெங்களூர்
27 ஏப்ரல் 2025, ஞாயிறு

தமிழு,

இப்போதுதான் உன் மெயிலைப் பிரித்தேன். இந்த வாரம் கம்பெனியில் புது சாஃப்ட்வேர் ரிலீஸ், சாப்பிடக்கூட நேரமில்லை. தலைப்பைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

சர்வரில் ஒரு சின்ன அடைப்பு. ஐந்து நிமிஷ வேலை, சரிசெய்துவிட்டேன். இனிப் பறக்கும். பொங்கியண்ணனிடம் ஃப்ரெண்டு பார்த்துவிட்டான் என்று சொல். வெள்ளகோவில் நாட்டுக்கோழி எனக்கு ஒன்று பாக்கி!

உன்,
ரியாஸ்


பெரியநாயக்கன்பாளையம்
29 ஏப்ரல் 2025

ரியாஸ் அவர்களுக்கு,

உங்கள் மெயில் வந்தது. சரிசெய்து கொடுத்ததற்கு நன்றி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பண்ணையில் கரண்ட் போனது. பொங்கியண்ணன் காங்கேயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மாரியாத்தாள் அம்மா வீட்டில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஷெட்டில் பாதிக்கு மேல் போய்விட்டது. "அடிச்சிருந்தா ஓடியிருப்பனுங்களே தம்பி, பத்து எட்டுல ஷெட்டுங்களே" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஜேசிபி வைத்துக் குழி தோண்டிப் புதைத்தோம். நானும் அள்ளிப் போட்டேன்.

பொங்கியண்ணன், "சாப்ட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். அதற்குப் பதில் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை உங்களைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தேன். சட்டம் ஞாபகம் வந்தது, வைத்துவிட்டேன். பழைய கோட்டையாவது திரும்பப் போட்டிருக்கலாம். நண்பன் ஆசையாகச் செய்து தந்ததைக் கழற்ற மனசு வரவில்லை. இரண்டும் என் தப்புத்தான்.

இப்படிக்கு,
தமிழ்வேந்தன்


பெங்களூர்
1 மே 2025

தமிழ்,

முந்தாநாளிலிருந்து கூப்பிடுகிறேன். நீ எடுக்கவில்லை.

‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்டா. செத்துப்போன ஷெட்டுக்கு, வெள்ளகோவில் கோழி ஒன்று பாக்கி என்று எழுதியிருக்கிறேனே நான்! அந்த வரியை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நீ கேட்டது எந்த இடம் என்று ஒரு வரி. இரண்டு முறையும் அதைத்தான் கேட்டாய். நான் ஒருமுறைகூட அதைச் சொல்லவில்லை. என் திறமையைக் காட்டிக்கொள்ள உன் பெட்டி கிடைத்தது எனக்கு, அவ்வளவுதான். உதவி செய்கிறேன் என்று உன் வேலையையே உன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

அந்தப் பாழாய்ப்போன சட்டம் இன்றோடு ரத்து. எந்த நேரமும் கூப்பிடு. சனிக்கிழமை கிளம்பி வரட்டுமா? பொங்கியண்ணன் காலில் விழக்கூடத் தயார். வா என்று ஒரு வார்த்தை சொல்.

ரியாஸ்


பெரியநாயக்கன்பாளையம்
15 ஜூன் 2025

ரியாஸ் அவர்களுக்கு,

வணக்கம். வேலை அதிகம், உடனே எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

பொங்கியண்ணன் புதுக் குஞ்சு விட்டிருக்கிறார். பெட்டியை மறுபடி மாட்டச் சொன்னார். அவர் மனசு யாருக்கும் வராது. சர்வர், ஆப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு என் பழைய கோட்டை அப்படியே போட்டுவிட்டேன். சுற்றிக்கொண்டே இருந்த பிழையையும் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு வரிதான். தேட ஒரு வாரம் ஆனது, ஆகட்டும்.

நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். உங்கள் திறமையில் எந்தக் குறையும் இல்லை. அத்தா அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்வேந்தன்


பெங்களூர்
24 ஜூலை 2025

அன்புள்ள தமிழ்,

இதற்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை. படித்தால் போதும்.

நேற்று மீட்டிங்கில் இருந்தபோது என் போன் அடித்தது. சத்தத்தை அணைப்பதை மே மாதத்தோடு விட்டுவிட்டேன், எல்லோரும் என்னை முறைத்தார்கள். எடுத்தேன். உன் குரல். "பொங்கியண்ணன் பண்ணைல கரண்ட் போயிருச்சுங்க." மூன்று மாதமாக நான் ஏங்கிக்கிடந்த குரல், எனக்கு முதன்முதலாகச் சொன்னது இதைத்தான். தமிழு, தமிழு என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டேன், அது பதிவு செய்த குரல் என்பதுகூட உறைக்காமல்.

வெளியே ஓடிவந்து, பழைய கோட்டில் இருந்த பொங்கியண்ணன் நம்பருக்கு அடித்தேன். அவர் நிதானமாகப் பேசினார். "ஆமாங்க, ஆடிக் காத்துக்குக் கம்பி ஒரசிப்போட்டுதுங்க. மொத அடிக்கே எங்க ஊட்ல ஓடிப்போயி ஜெனரேட்டரப் போட்டுட்டாங்க. கோழியெல்லாம் நல்லா இருக்குதுங்க. நீங்க ஆருங்க?" பெயரைச் சொன்னேன். "அட, தமிழுத் தம்பியோட ஃப்ரெண்டுங்களா! தம்பி இங்கதானுங்க நிக்கறாரு. பக்கத்துப் பண்ணைக்குப் பொட்டி மாட்ட வந்தாரு. போனைக் குடுக்கட்டுங்களா?"

குடுங்க என்றேன். ஷெட்டு ஃபேன் சத்தத்துக்கு நடுவே அவர் உன்னைக் கூப்பிடுவது கேட்டது. அப்புறம் அவரே பேசினார். "தம்பி கை வேலையா இருக்காருங்க. அப்பறமாப் பேசறாராமா. ஏனுங்க, சாப்ட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பக்கத்துப் பண்ணைக்கும் பெட்டி போய்விட்டது என்று கேட்டதில் சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். நான் கை வைக்காததால் போனது என்பதும் தெரிகிறது.

பழைய கோட்டை அப்படியே போட்டதில் என் நம்பரும் கூடவே வந்துவிட்டதா, இல்லை நீதான் விட்டு வைத்தாயா? கேட்க மாட்டேன். மறந்துதான் விட்டாய் என்றால், இனிமேலும் மறந்தே இரு. பக்கத்தில் நீ எழுதிய ‘இவன் எடுக்க மாட்டான், இருந்தாலும் அடி’ குறிப்பும் இந்நேரம் திரும்ப வந்திருக்கும். அதில் பாதியை மட்டும் மாற்றிக்கொள், தமிழ். நேற்று நான் எடுத்தேன்.

உன்,
ரியாஸ்