வேலூர்க் கப்பலில் ஏறாதவர்கள்

சம்மந்தியம்மா,

நீங்கள் போகிற இடமெல்லாம் கைப்பையில் கொண்டுபோன வெள்ளித் தம்ளரை என் மகள் என்னிடம் கொடுத்துவிட்டாள். ராத்திரியில் என் பல்செட்டு அதில்தான் ஊறுகிறது. இன்று காலை அதைக் கழுவும்போது உங்கள் ஞாபகம் வந்தது.

பன்விலைத் தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று, உங்களுக்கு நான் போட்ட தேத்தண்ணியை அந்தத் தம்ளரில்தான் ஊற்றச் சொன்னீர்கள். "தப்பா நினைக்காதீங்க. மதுரையிலருந்து ராணியோட கண்டி அரண்மனைக்கு வந்த வம்சம் நாங்க. வெளியாளுங்க பாத்திரம் புழங்குறதில்ல. நீங்கள்லாம் கொழுந்து பறிக்கக் கூட்டிட்டு வந்தவங்கதானே?" நாங்களும் மதுரைப் பக்கம்தான், சம்மந்தியம்மா. நடந்து வந்தோம்.

உங்கள் மகன் பிடிவாதமாக நின்றதால் கல்யாணம் நடந்தது. கண்டியில் உங்கள் வீட்டுத் துணி துவைப்பதும் தரை துடைப்பதும் என் மகளுக்கு. சாமியறைப் படியைத் தாண்டக் கூடாது. நான் வாய் திறக்கும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்வாள். "பேசாதீங்கம்மா. நாந்தானே இங்க வாழணும்."

பள்ளிக்கூடம் போன காலத்தில் பேத்தி சரித்திரப் பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள். நான் அஞ்சாம் வகுப்பு. காதுக்கு வகுப்பு கிடையாது. கண்டி ராஜாக்கள் மதுரையில் பெண்ணெடுத்ததும், வாரிசில்லாமல் போனதால் ராணியின் தம்பி ராஜாவானதும், கடைசி ராஜாவை வெள்ளைக்காரன் பிடித்து, சொந்தங்களோடு கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பியதும் கேட்டேன்.

"சொந்தக்காரங்களையுமா?"

"ஆமா அம்மாயி, விட்டுவச்சா மறுபடி ராஜாங்கம் கேப்பாங்கன்னு பயம்."

அன்று பிறந்தது என் கேள்வி. "உங்க ஆளுங்கள மட்டும் வெள்ளைக்காரன் ஏன் விட்டுட்டுப் போனான்? பல்லக்குக்குள்ள இருந்தீங்களா, பல்லக்கத் தூக்கினீங்களா? தூக்கினாலும் குத்தமில்ல. நாங்க கூடை தூக்கினவங்கதான்."

பேத்தி கல்யாணப் பந்தலில், உங்கள் கண்டிச் சொந்தங்கள் எல்லாரும் காதில் வாங்கக் கேட்பதாக இருந்தேன். அதற்கென்றே நல்ல சேலை எடுத்தேன். முந்தின மாதமே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்கள் தலைமாட்டில் நானும் அழுதேன். துக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

"செத்தவங்க மேல என்னம்மா கோபம்?" என்கிறாள் மகள். சாமியறையில் இப்போது அவள்தான் விளக்கேற்றுகிறாள், உங்கள் படத்துக்கும் சேர்த்து. அவள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை. மாத்திரை போட்டேனா என்பது மறந்துபோகிறது. கண்ணாடியை வைத்த இடம் மறந்துபோகிறது. அந்தக் கேள்வி மட்டும் ஒரு சொல் மாறாமல் இருக்கிறது. வரும்போது கொண்டுவருகிறேன். பதிலை யோசித்து வையுங்கள்.