ஹெல்மெட் கழற்றாமல் செய்த அஞ்சலி

என் ஞானமணி அண்ணாவுக்கு,

எங்கே இருந்தாலும் கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பீர்கள். அப்படி நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன் அண்ணா. யார் மேல் என்று கேட்டால், பாதி ஊர் மேல். கொஞ்சம் உங்கள் மேலும்.

உங்கள் அடக்கத்துக்கு வந்திருந்தேன். சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் உங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, தெரு நீளத்துக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் செங்கல்பட்டு கோர்ட் வக்கீல்கள், சபைப் போதகர், உங்கள் சொந்தக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் எல்லாம் காலி. வாடகை நாற்காலிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

ஆனால் எதிர் டீக்கடையில் நல்ல கூட்டம். பைக்கை ஓரம் கட்டிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தார்கள். கையில் டீ. ஹெல்மெட் போட்டுக்கொண்டு டீயை எப்படிக் குடிப்பது? ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அது ஆறிக்கொண்டிருந்தது. நிற்கிற நிலையை வைத்தே எனக்குப் பல பேரை அடையாளம் தெரிந்தது. உங்கள் ஆபீஸ் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடித்தவர்கள். எல்லாரும் நீங்கள் வாதாடி வெளியே கொண்டுவந்தவர்கள். ஒருத்தரும் தெருவைத் தாண்டி வரவில்லை.

நான் மட்டும் என்ன யோக்கியன்? கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவி சாந்திதான் கேட்டாள். "இன்னாத்துக்கு வந்த நீ? ஏசி போட்டுகினு வேடிக்க பாக்கவா? எறங்கு."

இறங்கி வந்து மாலை போட்டேன். மெர்சி அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "யாரும் வரமாட்டாங்க, நீ மனசு கஷ்டப்படாதன்னு சொல்லிட்டுதான் போனாரு தம்பி. நீங்க வந்ததே பெருசு. சீக்கிரம் கெளம்புங்க, யாருனா பாத்துடப் போறாங்க."

பெண்டாட்டிக்குக் கூட அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டா போவீர்கள்?

உங்கள் சட்டம் அது. வழக்கு முடிகிற அன்றைக்கு ஒவ்வொருத்தரிடமும் ஒரே மாதிரி சொல்வீர்கள். ரோட்டில் பார்த்தால் வணக்கம் வைக்காதே. கல்யாணத்தில் பார்த்தால் பக்கத்தில் உட்காராதே. கிரிமினல் வக்கீலைத் தெரியும் என்றால், என்ன கேஸ் என்றுதான் ஊர் முதலில் கேட்கும். எங்கள் நல்லதுக்குத்தான் சொன்னீர்கள். நாங்களும் எங்களுக்கு வசதியாக இருந்ததால் பிடித்துக்கொண்டோம்.

என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தேன். வந்தீர்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்தீர்கள். சம்பந்தி வீட்டார் யார் என்று கேட்டதற்கு, இன்சூரன்ஸ்காரன் என்று சொல்லிவிட்டு, பந்தியில் உட்காராமல் கிளம்பிவிட்டீர்கள். மறுநாள் போனில் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யாரென்று தெரிய வேண்டும். ஒரகடத்தில் பழைய இரும்பு வியாபாரம் எனக்கு. கார் ஆலைகளில் கழித்துப் போடுகிற இரும்பு, செம்பு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் டெண்டரில் எடுத்துப் பிரித்து விற்கிறேன். சைக்கிளில் ஆரம்பித்தவன், இப்போது லாரிகள் ஓடுகின்றன. என் மேல் இரண்டு வழக்கு இருந்தது. ஒன்று மாநிலப் போலீஸ் போட்டது, இன்னொன்று மத்திய அரசின் ஜிஎஸ்டிக்காரர்கள் போட்டது. மறைத்து மறைத்து அலுத்துவிட்டது. எழுதியாயிற்று.

என் குடோனில் இருந்தது திருட்டுச் செம்புக் கம்பி என்று போலீஸ் வந்தது. கேட் பாஸோடு ஆலைக்குள்ளிருந்து வந்த சரக்கு அது. பாஸ் போட்டுக் கொடுத்த ஆலைக்காரன் தன் சீட்டில் உட்கார்ந்திருந்தான், என்னை லாக்கப்பில் உட்கார வைத்தார்கள். அடி தாங்காமல் எதையெதையோ ஒத்துக்கொண்டேன் என்று உங்களிடம் அழுதேன். "போலீஸ்கிட்ட ஒத்துக்கினது கோர்ட்ல நிக்காது கோதண்டம். மூஞ்சிய கழுவு" என்றீர்கள்.

ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் அந்தக் கம்பியில் ஒரு துண்டை எடுத்து இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தீர்கள். இது அந்த ஆலைக் கம்பிதான் என்பதற்கு இதில் ஓர் அடையாளம் காட்டுங்கள் என்றீர்கள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடையாளம் எதுவும் இல்லை என்றார். உடனே உட்கார்ந்துவிட்டீர்கள். நாலு கேள்வி சேர்த்துக் கேட்டிருக்கலாமே என்று வெளியே வந்து நான் குறைப்பட்டேன். "வெல படிஞ்சப்பறம் பேசுவியா நீ?" என்று கேட்டீர்கள். வியாபாரிக்குப் புரிகிற மாதிரி பேச உங்களுக்குத்தான் தெரியும்.

அது முடிவதற்குள் ஜிஎஸ்டி வந்தது. எனக்குச் சரக்கு விற்றவன் என்னிடம் வரியை வாங்கிக்கொண்டு, சர்க்காருக்குக் கட்டாமல், கம்பெனியையே இல்லாமல் ஆக்கிவிட்டுப் போய்விட்டான். அகப்பட்டவன் நான். சென்னை ஆபீசுக்குப் போகும் முன் நீங்கள் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது. "அங்க அடிக்க மாட்டான். சார்னு கூப்புடுவான், காபி குடுப்பான். ஆனா அங்க நீ சொல்றது கோர்ட் வரைக்கும் வரும். காபிய குடி. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. படிக்கத் தெரியாத பாஷைல எழுதி நீட்டுனா கையெழுத்து போடாத."

காபி நன்றாகத்தான் இருந்தது அண்ணா. அதைக் குடிக்க வைத்துவிட்டுத்தான் புழல் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். நீங்கள் ஜாமீன் வாங்கினீர்கள். எழும்பூர் கோர்ட்டுக்கு வருஷக்கணக்கில் என்னோடு வந்தீர்கள். அவர்கள் எழுதி நீட்டியதில் நான் கையெழுத்துப் போடாததால், ஒரு வரியைக்கூட என் வாய்ச்சொல் என்று அவர்களால் காட்ட முடியவில்லை. விடுதலை. என்னை ஏமாற்றினவனை இன்றுவரை யாரும் தேடவில்லை. அதை யாரிடம் போய்க் கேட்பது?

திருடர்களுக்கு வாதாடுகிறவன் என்று உங்களைச் சொன்ன ஊர் இது. அந்த ஊரில் எத்தனை பேர் செய்யாத குற்றத்துக்கு உள்ளே போய், உங்களால் திரும்பி வந்து, இன்றைக்கு ஊருக்குப் பெரிய மனிதர்களாக இருக்கிறார்கள் என்பது ஹெல்மெட்டுகளுக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்து வந்ததும் உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்பது என்று முடிவு செய்தேன். எவன் எவனுக்கோ சுவர் முழுக்க ஒட்டுகிறார்கள், கீழே நாற்பது பேர் பெயர் போட்டுக்கொள்கிறார்கள். உங்களுக்கு ஒன்றுகூட இல்லை. என் மகன் பரணி தலையில் கை வைத்துக்கொண்டான். பெரிய ஆலை ஒன்றின் கழிவு டெண்டர் அந்த மாதம்தான் திறக்கிறார்கள். அது கிடைத்தால்தான் சரக்குக் கொட்டப் புது யார்டு வாங்கின கடனைச் சமாளிக்க முடியும். "டெண்டர் முடியட்டும்பா, அப்பறம் ஒட்டலாம். செத்துப்போனவருக்கு இன்னா அவசரம்?" என்றான்.

நான் வளர்த்த பிள்ளை. என் கணக்குதான் அது. திட்ட முடியவில்லை.

சேர்ந்து பெயர் போடலாம் என்று சிலரைக் கூப்பிட்டேன். கேன்டீன் கான்ட்ராக்ட் எடுக்கிற ஒருவர், பெயர் வேண்டாம், செலவில் பாதியை நான் தருகிறேன் என்றார். என்னைப் போலவே பழைய இரும்பு வியாபாரம் செய்கிற இன்னொருவர் இருக்கிறார். அவர் ஜாமீனுக்காக நீங்கள் காய்ச்சலோடு ஹைகோர்ட்டில் நின்றது எனக்குத் தெரியும். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "எந்த ஞானமணி?"

போனை வைத்துவிட்டு நேராக அச்சகத்துக்குப் போனேன். உங்கள் படம். கீழே, 'இவரால் இரண்டு வழக்குகளில் விடுதலை பெற்ற கோதண்டம், பழைய இரும்பு வியாபாரி.' அதற்குக் கீழே பாதித் தாளைக் காலியாக விடச் சொன்னேன். அச்சகத்துக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கம்பெனி பஸ்கள் திரும்புகிற முனையில் இருக்கிற என் குடோன் மதிலில் ஒட்டினேன். என் மதில், எவனும் கிழிக்க முடியாது.

ரெண்டு ஷிப்டு பஸ் போவதற்குள் ஆலையின் பர்சேஸ் அதிகாரி போன் செய்தார். உங்கள் மேல் வழக்கு இருந்ததா என்று மரியாதையாகக் கேட்டார். இருந்தது, இரண்டிலும் விடுதலை, தீர்ப்பு நகல் கொடுத்தனுப்பட்டுமா என்றேன். தேவையில்லை சார் என்றார். சார் என்று கூப்பிடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதானே.

டெண்டர் போய்விட்டது. யாருக்குப் போனது தெரியுமா? எந்த ஞானமணி என்று கேட்டவருக்கு.

பரணி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. புது யார்டை விற்கத் தரகரிடம் சொல்லியிருக்கிறேன். வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். உங்களிடம் நான் பொய் சொன்னதில்லை.

நேற்று குடோன் பூட்டைத் திறக்கும்போது பார்த்தேன். போஸ்டரில் காலியாக விட்ட இடத்தில் யாரோ பால்பாயின்ட் பேனாவால் ஒரு வார்த்தை எழுதியிருந்தார்கள். 'நானும்.' அவ்வளவுதான். பெயர் இல்லை. அவனுக்கும் ஏதோ ஒரு டெண்டர் இருக்கும். திட்டிக்கொண்டேதான் பூட்டைத் திறந்தேன். ஆனால் மழை பட்டு அழியாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டச் சொன்னேன்.

அவர்கள் பெயரெல்லாம் எனக்குத் தெரியும் அண்ணா. யார் எவ்வளவு கேட்டாலும் என் வாயிலிருந்து ஒன்று வராது. அந்த மட்டுக்கும் உங்கள் சட்டத்தைக் காப்பாற்றுவேன். என் பெயருக்கு மட்டும் அது இனி செல்லாது. வருஷா வருஷம் அடிப்பேன், அந்த மதிலிலேயே ஒட்டுவேன், பாதித் தாளைக் காலியாக விட்டே அடிப்பேன். எழுத வருகிறவனுக்குப் பேனாவையும் கயிற்றில் கட்டி வைப்பேன்.

ரோட்டில் கூப்பிட்டு வணக்கம் வைக்க நீங்கள் இல்லாமல் நிற்கிற,
உங்கள் தம்பி
கோதண்டம்