கை வைக்காத குரல்

மார்ச் 1, ஞாயிறு

பேக்கரிக்காரர் இந்த வாரம் போட்ட கிடார் பாட்டுக்கு நான் எழுதியது: "சல்லடையில் ஜல்லி சலிக்கிற மாதிரி இருக்கிறது. மூன்றாவது நிமிடத்தில் ஜல்லி தீர்ந்துவிட்டது. சல்லடை மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது." கொஞ்ச நேரத்தில் பதில் போட்டார்: "வலிக்குது. ஆனா சரிதான்." மனுஷன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

எங்கள் ஞாயிறு குழுவில் நாலு பேர். பேக்கரிக்காரர், பஸ் டிரைவர், மருந்துக்கடை அம்மா, நான். ஒருவரும் மேடை ஏறியதில்லை. வீட்டில் செய்த பாட்டை ஞாயிற்றுக்கிழமை போனில் குழுவுக்கு அனுப்ப வேண்டும், மற்றவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். "சூப்பர்" என்ற சொல்லுக்கு மட்டும் தடை. அந்தத் தடையைக் கொண்டுவந்தது நான்தான்.

எனக்கு அங்கே கத்தரி என்று பட்டப்பெயர். போன மாதம் ஐந்தாவதாக ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்து சேர்ந்தான். அவன் போட்டதைக் கேட்டுவிட்டு, "இது பாட்டா, லிஃப்ட் நடுமாடியில் நின்றுபோன சத்தமா?" என்று கேட்டேன். மறுநாள் ஆளைக் காணோம். மருந்துக்கடை அம்மா, "கொஞ்சம் பதமாச் சொல்லியிருக்கலாம்மா" என்றார். பதமாகச் சொல்ல நான் என்ன அவனுக்குப் பெண் பார்க்கவா போனேன்?

மார்ச் 8, ஞாயிறு

தங்கையைத் துணி அலமாரிக்குள் நிற்கவைத்துப் பாடவைத்தேன். தொங்கும் துணிகளுக்கு நடுவில்தான் எதிரொலி இல்லாமல் குரல் சுத்தமாகப் பதியும். அம்மா வந்து எட்டிப் பார்த்து, "கூடப் பொறந்தவளை அலமாரியில வச்சுப் பூட்டுறா ஒருத்தி" என்று முனகிக்கொண்டு போனாள்.

தங்கைக்குக் கேபிள் கம்பெனியில் புகார் கேட்கிற வேலை. படம் தெரியாதவன் எல்லாம் காலையிலிருந்து இவளைப் போனில் ஏசுவான், இவள் "மன்னிக்கணும் சார்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் நாலு வருஷம் புருஷனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இன்று அலமாரியிலிருந்து வியர்த்து வழிந்து வெளியே வந்தவள் சொன்னாள்: "பாடுற நேரத்துல மட்டுந்தான்க்கா என்னை யாரும் திட்டுறதில்ல."

"ஏன், நான் இருக்கேனே" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு வாத்தியங்களோடு சேர்த்துப் போட்டுக் காட்டினேன். ஸ்பீக்கர் போன வருஷமே செத்துவிட்டது, இருப்பது ஒரே ஹெட்ஃபோன்தான். அவள் காதில் மாட்டிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, முகம் சுளித்தது. "அக்கா, ரொம்பக் கூட்டமா இருக்குக்கா. எனக்கு நிக்க இடமில்ல."

"இது என்ன பஸ்ஸா, ஏறி நிக்கறதுக்கு? பாடுறது உன் வேலை. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

நாலு மாதமாகச் செய்கிறேன். வயலின், செல்லோ, மூன்று விதத் தாளம், மணி, அடியில் ஓடும் ஒரு பெரிய ரீங்காரம். எல்லாம் கம்ப்யூட்டரில் ஒன்றொன்றாக நானே கோத்தது. கூட்டமாம்!

மார்ச் 17

நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று ஒரு பெரியவர். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கும்மா" என்கிறார். என் மனம் நோகக் கூடாதாம். உங்க கண்ணுய்யா அது!

மார்ச் 22, ஞாயிறு

குழுவில் போட்டுவிட்டேன். கடைசியாக ஒருமுறை குரலை மட்டும் தனியாகக் கேட்டுச் சரிபார்த்தேன். அதற்குள் அம்மா, "பால் பொங்குது, பொங்குது" என்று கத்தினாள். எழுந்து ஓடுகிற அவசரத்தில் அப்படியே அனுப்பிவிட்டேன். திரும்பக் கேட்கவில்லை. நாலு மாதமாகக் கேட்டதுதானே.

மார்ச் 23, திங்கள்

எப்படி எழுதுவது இதை.

பஸ் டிரைவர்: "வண்டியை ஓரமா நிறுத்திட்டுக் கேட்டேன். இத்தனை நாள் நீங்க செஞ்சதுல இதுதான்." மருந்துக்கடை அம்மா: "எல்லாத்தையும் தூக்கிப் போட ஒரு தைரியம் வேணும். கத்தரி கடைசியில தன்னையே வெட்டிக்கிட்டா." பேக்கரிக்காரர் நீளமாக எழுதியிருந்தார். மாவு பிசைந்துகொண்டே கேட்டாராம், கை நின்றுவிட்டதாம், யார் இந்தப் பெண் என்று கேட்டிருந்தார்.

எல்லாத்தையும் தூக்கிப் போட்டேனா? எதை?

போய்ப் பார்த்தேன். சோலோ பட்டன் அமுங்கியபடியே இருந்தது. ஒன்றை மட்டும் கேட்பதற்காக மற்றதையெல்லாம் வாயடைத்து வைக்கும் பட்டன். அதை எடுத்துவிட மறந்து அனுப்பியிருக்கிறேன். வயலின் இல்லை, செல்லோ இல்லை, தாளம் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அலமாரிக்குள் அவள் ஒருத்தி பாடுகிறாள். அவ்வளவுதான் போயிருக்கிறது.

நாலு மாசம். என்னோடது ஒரு துளிகூட இல்லாத பாட்டுதான் என் நல்ல பாட்டாம்! இதைச் சொல்ல இவங்களுக்கு ரெண்டு காது வேற.

மார்ச் 24

குழுவில் எழுதினேன்: "வேண்டுமென்றுதான் எல்லாவற்றையும் எடுத்தேன். குரலில்கூடக் கை வைக்கவில்லை. மெஷினில் ஒரு புள்ளிகூடத் திருத்தவில்லை."

பின்பாதி உண்மை. கை வைக்க அந்தக் குரலில் இடமே இல்லை.

பாடியது என் தங்கை என்று பேக்கரிக்காரருக்குத் தனியாகப் பதில் போட்டேன். தங்கையிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் குழுவில் இல்லை. சாப்பிடும்போது, "பாட்டைப் போட்டியாக்கா? என்ன சொன்னாங்க?" என்றாள். "வழக்கம்போலத்தான்" என்றேன்.

மார்ச் 29, ஞாயிறு

முழுப் பாட்டையும் போட்டேன், எல்லா வாத்தியங்களோடும். "இது பழைய வடிவம், சும்மா ஒப்பிட்டுப் பார்க்க" என்று ஒரு பொய்.

பஸ் டிரைவர்: "நல்லவேளை, இதை விட்டீங்க." மருந்துக்கடை அம்மா: "பாவம், இதுல அந்தப் பொண்ணு மூச்சு முட்டுறா." பேக்கரிக்காரர்: "கத்தரி பாணியிலேயே சொல்லட்டுமா? கல்யாண வீட்டுல காணாமப் போன குழந்தை மாதிரி இருக்கு குரல்."

என் பாணியாம். என்னிடமே கற்றுக்கொண்டு என்னிடமே காட்டுகிறார்கள்.

ஏப்ரல் 3, வெள்ளி

பேக்கரிக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை நிறைய பன். அவருடைய சிநேகிதர் ஒருவர் சின்ன அரங்கம் நடத்துகிறாராம், நூறு நாற்காலி. மாதக் கடைசியில் புதிய பாடகர்களுக்கு ஒரு மாலை வைக்கிறாராம். தங்கையின் பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். "அந்தக் குரலை நேர்ல கேக்கணும்னு நிக்கிறாரு. துணைக்கு எதுவும் வேணாமாம். அவங்க வந்து நின்னு பாடினாப் போதுமாம்."

துணைக்கு எதுவும் வேண்டாம். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், அவருக்குக் காப்பி கொடுத்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு.

தங்கைக்கு முகம் எல்லாம் சிவந்துபோயிற்று. "நானா? மேடையிலயா?" என்று ஐந்தாறு தடவை கேட்டாள். அவர் போன பிறகு அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். அம்மா, "விடுடி, இடுப்பு போயிரும்" என்று அலறினாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

"நீ சொல்லுக்கா. உன் காதைத்தான் நம்புவேன். நான் பாடலாமா? உண்மையைச் சொல்லு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துச் சுருதி காட்டும் திரையைத் திறந்தேன். குரல் அதில் ஒரு கோடாக ஓடும். யாருடைய குரலைப் போட்டாலும் கோடு வளைந்து நெளிந்துதான் இருக்கும். உலகத்திலேயே பெரிய பாடகிக்கும் அப்படித்தான். அதை அவளுக்கு நான் சொல்லவில்லை.

"பாரு, இங்க வழுக்கிட்ட. இங்கயும். இதோ இங்க கீழ விழுந்தே போயிட்ட. எல்லாத்தையும் ஒவ்வொண்ணா இழுத்து நிமித்தி வச்சது நான். அவங்க கேட்டது உன் குரல் இல்லடி. என் வேலை."

அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். "இவ்வளவா?"

"கூட நிக்க மெஷின் இல்லாம மேடையில ஏறினா நூறு பேரும் சிரிப்பாங்க. நான் உன் அக்கா, அதனாலதான் சொல்றேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஆபீஸில் போனை எடுத்ததும் பேசுகிற குரலில், "சரிக்கா. சொன்னதுக்குத் தேங்க்ஸ்" என்றாள். அந்தக் குரலை வீட்டில் நான் கேட்டதே இல்லை.

மேடையில் அழுவதைவிட வீட்டில் அழுவது மேல் இல்லையா? நாளைக்கு நாலு பேர் ஏசினால் தாங்குவாளா இவள்? நல்லதுதான் செய்திருக்கிறேன். நல்லதுதான்.

ஏப்ரல் 6

அலமாரியில் அவள் நின்ற இடத்தில் மடித்த போர்வைகளை அடுக்கிவைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

அரங்கத்துக்கு நான் மட்டும் போனேன். தங்கைக்குத் தொண்டை சரியில்லை என்று பேக்கரிக்காரரிடம் சொல்லியிருந்தேன். அவளுக்குப் பதிலாக மருந்துக்கடை அம்மாவின் அண்ணன் மகள் பாடினாள். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சுருதி கீழேயே கிடந்தது. ஒரு இடத்தில் வரியையே மறந்து சிரித்துவிட்டாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். யாரும் யாரையும் ஏசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கை கேட்டாள், "எப்படிப் பாடினா?"

"பிரமாதம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மே 13

அம்மா: "என்னடி இது, வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு? சின்னவ பாத்திரம் கழுவும்போதுகூட ஒரு முணுமுணுப்பு இல்ல."

"வேலை ஜாஸ்தி அவளுக்கு" என்றேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் புரை விழுந்த பார்வைதான், ஆனாலும் எனக்கு எழுந்து போகத் தோன்றியது.

மே 31, ஞாயிறு

புதுப் பாட்டுக்குக் குரல் வேண்டும் என்று கேட்டேன். தன்மையாகத்தான் கேட்டேன்.

"வேணாம்க்கா. உனக்குத்தான் வேலை. ஒவ்வொண்ணா நிமித்தணும்."

குத்திச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்கு வேலை மிச்சம் பண்ணுகிறாள்.

ஜூன் 9, செவ்வாய்

கடையில் இருக்கும்போது பேக்கரிக்காரரிடமிருந்து செய்தி.

"உங்க தங்கச்சி ரொட்டி வாங்க வந்தாங்க. ஏம்மா பாட வரலைன்னு கேட்டேன். தொண்டைக்கு ஒண்ணும் இல்லையாம். தன் குரலே இல்ல அது, அக்கா மெஷின்ல சரி பண்ணினதுன்னாங்க. ஒரு புள்ளிகூடத் திருத்தலைன்னு நீங்கதானே குழுவில எழுதினீங்க? நான் அதை எடுத்துக் காட்டினேன். தப்பா?"

எதிரில் ஒரு அம்மா கண்ணைப் பரிசோதிக்க உட்கார்ந்திருந்தாள். லென்ஸை மாற்றிப் போட்டேன், மறுபடி அதே லென்ஸைப் போட்டேன். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்றாள்.

என்ன பதில் போடுவது அவருக்கு? தப்பா என்று வேறு கேட்கிறார்.

ஜூன் 9, இரவு

கத்துவாள் என்று நினைத்தேன். தட்டை வீசுவாள், அம்மாவை எழுப்பி நியாயம் கேட்பாள். அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். வந்தாள், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், ரொட்டியை மேஜையில் வைத்தாள்.

"டீ போடட்டுமாக்கா?"

ஜூன் 12

இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைக்கக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?

நானே சொல்லலாம் என்று இரண்டு தடவை சமையலறை வாசல்வரை போனேன். திரும்பிப் பார்த்து, "என்னக்கா, ஏதாச்சும் வேணுமா?" என்கிறாள். அதே ஆபீஸ் குரல். உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது என்பாளே, அது.

ஜூன் 14, ஞாயிறு

ஒரு சின்ன மெட்டு போட்டேன் குழுவில். மூன்று பேரும் எழுதியிருக்கிறார்கள். மூன்று பேரும் ஒரே சொல்.

"சூப்பர்."

தடையை யார் எடுத்தது?

ஜூன் 21, ஞாயிறு

புதுப் பாட்டு முடிந்தது. இந்தத் தடவை கூட்டம் இல்லை. ஒரு வீணை, அடியில் லேசாக ஒரு தாளம், குரல் வர வேண்டிய இடத்தில் மெஷின் புல்லாங்குழல். நிற்பதற்கு நிறைய இடம் விட்டிருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறதா, இல்லையா? எனக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. என் காது என்னிடமே பேசமாட்டேன் என்கிறது. குழுவில் போட்டால் வரப்போகிற சொல் எனக்குத் தெரியும். லிஃப்ட் மெக்கானிக்கின் நம்பரைக்கூடத் தேடிக் கூப்பிட்டேன், அவனாவது நன்றாகத் திட்டுவான் என்று. எடுக்கவில்லை.

மத்தியானம் தங்கையைக் கூப்பிட்டேன். "ஒரு நிமிஷம் வந்து கேட்டுட்டுப் போயேன். உள்ளதைச் சொல்லு. எப்படி வேணும்னாலும் சொல்லு, நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்." கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஹெட்ஃபோனை எடுத்து மாட்டினாள், பட்டனைத் தட்டினாள். நான் கதவோரம் நின்று அவள் முகத்தையே பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். முகம் சுளிக்கவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினாள், விரல் தொடையில் தாளம் போட்டது. பாட்டு முடியும்வரை எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், காலில்கூட விழலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"சூப்பர்க்கா."

"எங்கயாச்சும் இடிக்குதா? அந்தக் குழல் வர்ற இடம்?"

"ஒரு குறையும் இல்லக்கா. சூப்பரா இருக்கு."

எழுந்தாள். மடியிலிருந்து ஒயர் நழுவித் தொங்கியது. நுனி ஆடிக்கொண்டிருந்தது. அதை அவள் கம்ப்யூட்டரில் சொருகவே இல்லை.

அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அவசரப்படாமல் ஒயரைச் சுருட்டி மேஜைமேல் வைத்தாள்.

"டீ போடட்டுமாக்கா?"

"போடு" என்றேன்.