முதல் பக்கத்துப் பெயர்

லிங்கராஜபுரம், பெங்களூர்
2-8-2006

அன்புள்ள ஜோசஃபினுக்கு,

உன் வீட்டுக்காரன் ரெமிஜியஸ் எழுதுவது. நான் சுகம். அண்ணியின் கால் எப்படி இருக்கிறது? மாவுக்கட்டு பிரித்தாயிற்றா? ஒரு மாதம் என்று சொல்லிவிட்டு கிருஷ்ணகிரிக்குப் போனாய். காலண்டரில் இரண்டு தாளை நானே கிழித்துவிட்டேன். போன் செய்தால் உன் அண்ணன்தான் எடுக்கிறார். உன்னைக் கூப்பிட்டால் 'ம்', 'சரி', 'வைக்கிறேன்' என்று முடித்துவிடுகிறாய். ஹாலில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது புருஷனோடு பேசக் கூச்சம்போலிருக்கிறது. அதனால்தான் கடிதம். கல்யாணத்துக்கு முன்னால் பதினோரு மாதம் கடிதத்திலேயே குடித்தனம் நடத்தியவர்கள்தானே நாம்.

பக்கத்து வீட்டு பவுலின் அக்கா ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொடுத்தனுப்புகிறார். மற்ற நாளெல்லாம் என் சமையல். அதைப் பற்றிக் கேட்காதே.

நல்ல செய்தி ஒன்று. ஃபாக்டரியில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கித் தமிழ் தட்டக் கற்றபோது, 'வேலை மெனக்கெட்டவன் பூனைக்குச் சிரைத்தானாம்' என்றாயே, இப்போது கேள். என் வலைப்பூவில் எழுதியவற்றில் நல்லதாக இருபத்திரண்டு கட்டுரை பொறுக்கி மின்நூலாக்கி விற்கிறேன். விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கலாம் என்று பார்த்தேன், தமிழ்ப் பக்கங்களுக்கு விளம்பரம் கிடையாதாம். சரி, நம் சரக்கை நாமே விற்போம் என்று இறங்கிவிட்டேன். வேண்டியவர்கள் எழுபத்தைந்து ரூபாய் மணியார்டர் அனுப்புவார்கள், இல்லை என்றால் பேங்கில் போடுவார்கள். நான் அவர்கள் பெயரை முதல் பக்கத்தில் 'இந்தப் பிரதி இன்னாருக்கு' என்று தட்டி, மெயிலில் அனுப்புவேன். பெயர் போடுவது என் யோசனை. பெயர் போட்ட புத்தகத்தை யாரும் ஓசியில் அடுத்தவனுக்குக் கொடுக்கமாட்டான் பார்.

வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தோஹா, டொரண்டோ, சிங்கப்பூர். ஒருவர் பிரேசர் டவுன் பேக்கரி பன்னைப் பற்றிப் படித்துவிட்டு அழுதேன் என்று பின்னூட்டம் போட்டிருக்கிறார். ஊரைவிட்டுப் போனவர்கள்தான் ஊரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இந்தக் காசில் குளியலறைக் கூரை ஓடுகளை மாற்றிவிட்டேன். இனி மழை பெய்தால் நீ குடை பிடித்துக்கொண்டு குளிக்க வேண்டாம்.

எப்போது வருகிறாய்?

உன்
ரெமிஜியஸ்

~

கிருஷ்ணகிரி
11-8-2006

அன்புள்ள உங்களுக்கு,

ஜோசஃபின் எழுதிக்கொண்டது. கடிதம் வந்தது. அண்ணிக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

கேஸ் தீர்ந்தால் புத்தகம் அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. அரிசி டப்பாவில் வேப்பிலை போடுங்கள், இல்லாவிட்டால் வண்டு வரும். குளியலறை ஓடு மாற்றியது நல்லது. பதினைந்து வருடமாகக் கேட்டது.

நீங்கள் எழுதுவதை நான் குறை சொல்லவில்லை. ஃபாக்டரியை விட்டபின் ஒரு வருடம் ஜன்னலோரமே உட்கார்ந்திருந்த மனிதர், இப்போது காலையில் எழுந்ததும் சவரம் செய்துகொள்கிறார் என்றால் எனக்கு சந்தோஷம்தான்.

ஒன்று கேட்கிறேன். அந்தப் புத்தகத்தில் என்னவெல்லாம் எழுதியிருக்கிறீர்கள்?

இப்படிக்கு
ஜோசஃபின்

~

லிங்கராஜபுரம்
16-8-2006

அன்புள்ள ஜோசஃபினுக்கு,

வேப்பிலை போட்டாயிற்று. வண்டு என்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறது.

என் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று நீயே கேட்டுவிட்டாய். இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். என் பெயர் எங்கும் கிடையாது, புனைபெயர் 'லிங்கராஜபுரத்தான்'. உன் பெயரும் இல்லை. நீ அதில் 'ஹோம் மினிஸ்டர்'. பயப்படாதே.

ஃபாக்டரி சைரன் உண்டு. செப்டம்பரில் சிவாஜி நகர் மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் நான் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்த கதை உண்டு. ஆனால் எல்லாரும் விரும்பிக் கேட்பது 'மெழுகுக் குழந்தை'தான். அதற்கு மட்டும் தொண்ணூறு பின்னூட்டம். அதைப் படித்துவிட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் புத்தகமே வாங்குகிறார்கள்.

ஞாபகம் இருக்கிறதா? விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு நேர்ச்சை செலுத்த மெழுகில் குழந்தை செய்து எடுத்துப் போனோமே, அந்த வியாழக்கிழமை. கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கிறேன். ஹோம் மினிஸ்டர் பஸ்ஸில் ஏறி, டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடிமேல் குழந்தையை ஜம்மென்று உட்காரவைக்கிறார். மே மாத வெயில், கீழே இன்ஜின் சூடு. பிரேசர் டவுன் தாண்டுவதற்குள் குழந்தைக்குக் காலைக் காணோம். அடுத்த ஸ்டாப்பில் இடுப்பைக் காணோம். கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு, "மகுவிகெ டிக்கெட் பேடம்மா" என்கிறார், குழந்தைக்கு டிக்கெட் வேண்டாமாம். பஸ்ஸே சிரிக்கிறது.

டொரண்டோக்காரர் ஆபீஸில் சிரித்து மாட்டிக்கொண்டாராம். பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். நீ வந்ததும் வாசித்துக் காட்டுகிறேன்.

உன்
ரெமிஜியஸ்

~

கிருஷ்ணகிரி
28-8-2006

ரெமிஜியஸ் அவர்களுக்கு,

வாசித்துக் காட்ட வேண்டாம். கேட்டுவிட்டேன்.

ஜூலை முதல் வாரம் மதலைமுத்து அண்ணன் ஆபீஸிலிருந்து நான்கு தாள் கொண்டுவந்தார். யாரோ சிநேகிதர் கொடுத்தாராம். "பெங்களூர்ல எவனோ ஒருத்தன் எழுதிருக்கான், வயிறு புண்ணாகிடும் கேளுங்க" என்று சாப்பாட்டு நேரத்தில் உரக்க வாசித்தார். அண்ணி கட்டுப்போட்ட காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அது நான்தான் என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மெழுகுக் குழந்தையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் மட்டும் சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் நானும் சிரித்தேன். பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அன்றைக்குத்தான் பெங்களூர் பஸ் ஏற வேண்டிய என் பையைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் வைத்தேன்.

மசாலா என்கிறீர்கள். நடந்ததை எழுதுகிறேன், கேளுங்கள்.

1992-இல் நமக்கு ஒரு பெண் பிறந்தாள். காலையில் பிறந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் போய்விட்டாள். நர்ஸம்மா அவசர ஞானஸ்நானம் கொடுக்கத் தண்ணீரை வைத்துக்கொண்டு பெயர் கேட்டபோது நீங்கள் வராந்தாவில் இருந்தீர்கள். நான்தான் ஆஞ்சலா என்றேன். பதினான்கு வருடமாகிறது. நீங்கள் ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த குழந்தைக்காக நேர்ந்துகொண்டு, நம் தெரு மெழுகுவர்த்திக்காரரிடம் அந்த உருவத்தைச் செய்யச் சொன்னேன். எவ்வளவு நீளம் என்று கேட்டார். ஆஞ்சலா இருந்த நீளத்தைக் கையால் காட்டினேன்.

இன்ஜின் மூடிமேல் வைத்தது நான் இல்லை. பஸ்ஸில் கூட்டம். பெண்கள் பக்கம் எனக்கு இடம் கிடைக்கவில்லை. நீங்கள் முன்னால் வந்து, "குடு இங்க, ஒடஞ்சிடும்" என்று என் கையிலிருந்து வாங்கி அதன்மேல் வைத்துவிட்டுப் பின்னால் ஆண்கள் பக்கம் போய்விட்டீர்கள். கண்டக்டர் வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. தன் பையிலிருந்த பேப்பரை எடுத்துக்கொடுத்து, இதில் சுற்றிக்கொள்ளம்மா என்றார். அந்தப் பஸ்ஸில் சிரித்தது ஒரே ஒருவர். அது நீங்கள். பாதி வழியில் இறங்கி வீட்டுக்குத் திரும்பினோம். நேர்ச்சை அப்படியே நின்றுவிட்டது.

நீங்கள் எழுதிச் சம்பாதிப்பதில் எனக்கு வருத்தமில்லை. என்னைப் பற்றி ஆயிரம் எழுதுங்கள், என் குறட்டையைப் பற்றிக்கூட எழுதுங்கள். இதை மட்டும் விற்காதீர்கள். அது விற்றுக்கொண்டிருக்கும்வரை என்னால் அந்த வீட்டுக்குள் வர முடியாது.

ஜோசஃபின்

~

லிங்கராஜபுரம்
2-9-2006

ஜோசி,

யார் பெயரும் அதில் இல்லையே. யாருக்குத் தெரியப்போகிறது? வலைப்பூவிலிருந்து வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன். ஆனால் விற்ற புத்தகத்தை எப்படித் திரும்ப வாங்குவது? அது சட்டி பானை இல்லை. ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. அந்தக் கட்டுரையை எடுத்தால் யார் வாங்குவார்கள் என்றும் யோசித்துப் பார்.

கோபப்படாதே. பதில் போடு.

ரெமிஜியஸ்

~

லிங்கராஜபுரம்
7-10-2006

அன்புள்ள ஜோசஃபின்,

ஒரு மாதமாக உன் பதில் இல்லை. பதில் போட வேண்டிய கடிதமா நான் எழுதியது? தபால்காரர் வெங்கடகிருஷ்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு கடைசியாக வந்த மணியார்டர் பாரத்தை நீட்டவே தயங்கினார்.

நீ எழுதியது பொய் என்று நிரூபிக்கத்தான் முதலில் கிளம்பினேன். அதையும் சொல்லிவிடுகிறேன். 94-ஆம் வருட டைரியில் ஏதாவது எழுதியிருப்பேன் என்று, என் பழைய டைரிகளை நீ போட்டுவைக்கிற உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கல்யாணப் புடவைக்கு அடியில் ஒரு பொட்டலம். கன்னடப் பேப்பர், 1994 மே மாதத்துத் தேதி. பிரித்தேன். வெறும் மெழுகுக் கட்டி. ஆனால் ஒரு கை மட்டும் உருகவில்லை. ஐந்து விரலும் அப்படியே இருக்கின்றன.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். பவுலின் அக்கா கதவைத் தட்டி, "என்னப்பா, லைட்டு கூடப் போடல?" என்று கேட்டபோதுதான் எழுந்தேன்.

ஜோசி, நான்தான் வைத்தேன். எழுதும்போது நீ வைத்ததாகவே ஞாபகம் வந்தது. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அதை உன் கைக்கு மாற்றியிருக்கிறேன். அன்றைக்குச் சிரித்ததும் நான்தான். அழுதால் அத்தனை பேர் முன்னால் நிறுத்த முடியாது என்று பயமாக இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அதே பயம்தான். உள்ளே வந்திருந்தால் பெயரைக் கேட்க வேண்டியிருக்கும். பெயர் தெரிந்துவிட்டால் பிறகு மறக்க முடியாதே. மறக்கவும் இல்லை. உனக்குத்தான் துணையாக இல்லாமல் போய்விட்டேன்.

இப்போது செய்ததைச் சொல்கிறேன். வாங்கிய இருநூற்றுப் பதினான்கு பேருடைய விலாசமும் என்னிடம் இருக்கிறது, பெயர் போடுகிற வழக்கத்தால். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். பதினேழாம் கட்டுரையில் நான் எழுதியது பொய், அந்தப் பெண்மணி அப்படிச் செய்யவில்லை, செய்தவன் நான், பழைய பிரதியை அழித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று திருத்திய புத்தகத்தை அனுப்பினேன். எல்லாருக்கும் எழுதி முடிக்க இருபத்து நான்கு நாள் ஆயிற்று. புத்தகத்தில் இப்போது அந்தக் கட்டுரை கிடையாது. நடந்ததையும் எழுதவில்லை. அது விற்கிற சரக்கு இல்லை. பதினாறுக்குப் பிறகு ஒரு வெற்றுப் பக்கம், அப்புறம் பதினெட்டு.

பலர் பதிலே போடவில்லை. ஒருவர் காசைத் திருப்பிக் கேட்டார், அனுப்பிவிட்டேன். டொரண்டோக்காரர், "சிரிச்சதுக்கு நான் யார்கிட்ட சார் மன்னிப்பு கேக்கறது?" என்று எழுதியிருக்கிறார். இரண்டு வாரமாகப் புதிதாக யாரும் வாங்கவில்லை. பரவாயில்லை. பேக்கரி பன்னுக்கு வருகிறவர்கள் வரட்டும்.

எல்லாப் பிரதியையும் திரும்ப வாங்க என்னால் முடியாது. உன் அண்ணன் கையில் இருக்கிற நான்கு தாள் அதில் ஒன்று. நீ சரி என்றால் மச்சானுக்கு நானே எழுதி, அந்த 'எவனோ ஒருத்தன்' நான்தான் என்று சொல்கிறேன்.

பொட்டலத்தை இருந்தபடியே சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஆஞ்சலாவுக்கு வருகிற மாதம் பதினான்கு வயது முடியும். பெயரைச் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லை, சத்தமாகவே சொன்னேன்.

உன்
ரெமிஜியஸ்

~

(மணியார்டர் பாரத்தின் அடித்துண்டில், செய்திக்கான இடத்தில், பொடி எழுத்தில்)

அனுப்புநர்: ரெ. ஜோசஃபின், கிருஷ்ணகிரி
16-10-2006. ரூ. 75

ஒரு பிரதி வேண்டும். எனக்கு மெயில் கிடையாது, அச்செடுத்து வையுங்கள். முதல் பக்கத்தில் போட வேண்டிய பெயர்: ஆஞ்சலா. அண்ணனிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் சாப்பிடாமல் எழுந்துபோய் அந்தத் தாள்களைக் கிழித்துப்போட்டார். 26-ஆம் தேதி வியாழன். காலை பத்து மணிக்கு லிங்கராஜபுரம் பஸ் ஸ்டாப்புக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள், விவேக் நகர் போகலாம். ஆட்டோ வேண்டாம். பஸ்ஸில் நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் பின்னால் போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.