பதின்மூன்றாவது குழல்

அன்புள்ள அக்கா,

நீ இல்லாமல் குஷியாகத்தான் இருக்கிறேன். லுவோயாங் அரண்மனைக்காக அப்பா மூங்கிலில் சுரக்குழல்கள், அதாவது சுருதி சரிபார்க்கும் குழல்கள், அறுத்தார். ஒரு குழலின் நீளத்தை வைத்துக் கணக்குப் போட்டு அடுத்ததை அறுக்க வேண்டும்; அப்படிப் பன்னிரண்டு தாண்டினால், பதின்மூன்றாவது முதல் சுரத்துக்கே திரும்ப வேண்டுமாம். அதுவோ மயிரிழை ஏறி ஒலித்தது.

"கை நடுங்குதுய்யா உனக்கு. வேலைய விட்டுக் கெளம்பு" என்றார் அரண்மனை அதிகாரி கோங்ஸுன், அப்பாவிடம்.

"ஐயா, நீங்களே அறுத்துக் காட்டுங்களேன், கத்துக்கறோம்" என்றேன், ரொம்பப் பணிவாக.

நாள் முழுக்க அறுத்தார். அவருடையதும் அதே மயிரிழை ஏறியது.

"ஐயாவுக்கும் நடுங்குதே."

"இந்த வருஷ மூங்கில் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாவின் வேலை தப்பியது.

என் வாய்க்கொழுப்புக்கு அப்பா தந்த தண்டனை: முதல் சுரம் திரும்பும்வரை நான் அறுக்க வேண்டும். நாற்பத்தொன்று ஆயிற்று, திரும்பிய பாடில்லை. கணக்கே அப்படியாம், யார் அறுத்தாலும் திரும்பாதாம். நான் கெஞ்சினால் அப்பா சிரிக்கிறார். நீ கெஞ்சினால்தான் மசிவார். ஒரு வாரம் வந்துவிட்டுப் போயேன்.

உன் வால்