பாலகருக்கு நரகம் பங்கிட்டவர்கள்

1758, மார்ச் 2, வியாழன்

போதகர் தாக்ஸ்டர் இன்றும் வந்தார். கையில் அவருடைய மூன்றாவது நூல். முதல் நூலுக்கு ஆற்றுக்கு அக்கரைப் போதகர் லெவரெட் மறுப்பு எழுதினார். அந்த மறுப்புக்கு இவர் மறுப்பு எழுதினார். அதற்கு அவர். இப்போது மறுபடி இவர்.

இத்தனைக்கும் வழக்கு ஒன்றுதான். பேச்சு வருமுன்னே இறந்துபோகும் குழந்தைகள் நரகத்துக்குப் போகுமா, போகாதா? கர்த்தர் தெரிந்தெடுக்காத குழந்தை ஆதாமின் பாவத்தோடு பிறந்தது, ஆகையால் போகும் என்கிறார் தாக்ஸ்டர். போகாது, கர்த்தர் அவ்வளவு கொடியவர் அல்ல என்கிறார் லெவரெட். இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களாம். அந்தப் பெஞ்சை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

கணவர் பெல் இறந்த பிறகும், பாஸ்டனை விட்டால் இந்தக் கடற்கரையில் அச்சுக்கூடம் எங்களுடையது ஒன்றுதான். ஆகவே இருவருக்கும் நானே அச்சுக்காரி. ஒருவரையொருவர் குருடன், கள்ளன், அஞ்ஞானி என்று திட்டி எழுதிய தாள்களை என் மேஜைமேல் வைத்துவிட்டு, மழை எப்போது விடும் என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள்.

"சீக்கிரம் முடிச்சுக் குடுங்க, பெல் அம்மா. ஆத்துமாக்கள் காத்துக்கிட்டிருக்கு."

எந்த ஆத்துமாக்கள்? யார் ஜெயிப்பார் என்று சாராயக்கடையில் பந்தயம் கட்டுகிறவைகளா?

மார்ச் 6

ஓபெத் ஸ்டார் அச்சுக்கோர்க்க உட்கார்ந்தான். என் கணவர் காலத்து ஆள், ஐம்பது தாண்டியவன், எனக்குப் பயப்படாதவன். எழுத்தைப் பொறுக்கியபடியே, பிரசங்க மேடைக் குரலை வரவழைத்துக்கொண்டு படித்தான்:

"'நெருப்புப் பொறி சிறியது என்று அதை வைக்கோற்போரில் விட்டுவைப்பார் உண்டோ? பாலகனும் அவ்விதமே.' ஏன் எஜமானியம்மா, இந்த மனுஷன் வீட்ல தொட்டில் இருக்கா?"

"இல்ல. இனிமேதான். அவர் சம்சாரம் மாசமா இருக்காங்க."

"அதான் பாத்தேன். கையில ஒண்ணத் தூக்கிப் பாக்காத வரைக்கும் நல்லா எழுத வரும்."

ஓபெத் நான்கைப் புதைத்தவன். நான் இரண்டு. அதைப்பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இந்த ஊரில் குழந்தையைப் புதைக்காத வீடு எது? அந்த வீடுகளுக்குத்தான் இந்த நூல் போகிறது. அவர்களே காசு கொடுத்து வாங்கி, கணப்பருகே உட்கார்ந்து உரக்கப் படிக்கிறார்கள். படித்துவிட்டு அழுகிறார்கள். அழுதுவிட்டு அடுத்தது எப்போது வரும் என்று கேட்கிறார்கள்!

மார்ச் 9

பனி. மை கல்லாகிக் கிடக்கிறது. சபை மூப்பர் கார்வின் வந்து அடுப்பருகே உட்கார்ந்தார். நூல் ஆயிற்றா என்று கேட்டார். பிறகு தன் ஆட்டுக்கு வந்த இருமலைப் பற்றி மத்தியானம் வரை பேசினார். ஆட்டின்மேல் இருக்கும் இரக்கம் உண்மையானது.

மார்ச் 14

இன்று மற்றவர். லெவரெட் வந்தால் அச்சுக்கூடமே லவெண்டர் மணக்கும். பஞ்சு போன்ற கை. தாக்ஸ்டரைப்போல முறைக்கமாட்டார், தலைசாய்த்துப் புன்னகைப்பார். என்னைக் கேட்டால் முறைப்பவரே மேல்.

"உங்களை மாதிரி இழந்துபோன தாய்மாருக்காகத்தான்மா நான் பேனாவத் தொடுறேன்."

அப்படியா என்றேன். என் பிள்ளைகளின் பெயரை ஒருநாளும் அவர் கேட்டதில்லை. அடுத்த மூச்சில், தம் நூலின் முகப்பில் இலத்தீன் வாசகம் மேலே வரவேண்டுமா கீழே வரவேண்டுமா என்று அரைநாள் என் உயிரை எடுத்தார். மேலே என்று முடிவாயிற்று. பரலோகமும் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கும்.

மார்ச் 23

தாக்ஸ்டரின் நூல் வெளியாகி விற்றும் தீர்ந்தது. இருமுகிற ஆட்டின் சொந்தக்காரர் கார்வின் மட்டும் ஆறு பிரதி வாங்கினார். எதற்கு ஆறு?

ஏப்ரல் 9, ஞாயிறு

வெள்ளிக்கிழமை காலை தாக்ஸ்டரின் மனைவி ஹுல்தாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சாயங்காலத்துக்குள் போய்விட்டது. நேற்று அடக்கம்.

இன்று ஆலயத்துக்குப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்; ஊரும் அதற்குத்தான் வந்திருந்தது. கடைசிப் பெஞ்சு வரை இடமில்லை. இந்த மனிதர் இனி என்ன சொல்வார்? பொறி, வைக்கோற்போர் — எல்லாம் எங்கே போகும்?

அவர் லேவியராகமத்திலிருந்து குஷ்டரோகத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். இரண்டு மணி நேரம். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை.

கல். வெறும் கல். வீட்டுக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 12

ஓபெத் சாப்பிடப் போயிருந்தான். கதவு திறந்தது, ஹுல்தா. எழுந்து நடமாடியிருக்கவே கூடாது. முகத்தில் இரத்தமே இல்லை. சால்வையைக்கூட நேராகப் போடவில்லை.

"அவர் புஸ்தகம் ஒண்ணு இருக்குமாக்கா?"

"யாரோடது?"

"ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஐயாவோடது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகமுடியாது. இங்கயே பாத்துட்டுக் குடுத்துடுறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு, லெவரெட்டின் நூலை எடுத்துக் கொடுத்தேன். குழந்தைகளைப் பற்றி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். ஊரெல்லாம் அழுத பக்கம் அது. அவள் அழவில்லை. முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவருக்கு எப்படித் தெரியும்?"

"உங்க வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியுமோ, அப்படித்தான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். ஆனால் அவள் கோபப்படவில்லை.

"அவருக்குத் தெரியாதுக்கா. நான் கேட்டேன். பிள்ளை எங்க இருக்கான்னு. 'தெரியலயே ஹுல்தா, தெரியலயே'ன்னு சொவத்துல தலைய வெச்சுக்கிட்டு நின்னாரு. ஆனா புஸ்தகத்துல தெரியும்னு எழுதியிருக்காரே... மூணு புஸ்தகத்துல."

நான்தான் அந்த மூன்றையும் அச்சிட்டவள். கொஞ்சம் ஆப்பிள் சைடர் சூடாக்கிக் கொடுத்தேன். பாதி குடித்தாள். போகும்போது நூலை மூடி, மூலைகளைச் சரிசெய்து, அடுக்கின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஆக, கல் இல்லை. வீட்டில் ஒன்று, மேடையில் ஒன்று. கல்லாக இருந்திருந்தால்கூட மரியாதை இருந்திருக்கும். கோழை!

ஏப்ரல் 20

லெவரெட் தாமே படகேறி வந்தார். புதிய மறுப்பு. மை காயவில்லை. முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"கடைசிப் பத்தியப் பாருங்கம்மா. அதுக்கு மேல அவர் வாயத் தொறக்க முடியாது."

பார்த்தேன். பிரதி எடுத்து வைக்கிறேன், பின்னால் நானே நம்பமாட்டேன் என்பதற்காக:

'எதிர்நூலாரின் இல்லத்திலிருந்து அண்மையில் ஒரு சிறு பெட்டி புறப்பட்டதை நாடறியும். அதில் கிடந்த தம் மகன் இப்பொழுது எந்த நெருப்பில் இருக்கிறான் என்பதை அவரே தம் சபையாருக்கு விளக்குவாராக.'

"இந்தப் பத்திய எடுத்துடுங்க" என்றேன்.

"நூலோட உயிரே அதுலதான்மா இருக்கு."

"அது அவங்க பிள்ளையோட உயிர்."

"நான் பிள்ளையப் பத்திப் பேசல. அவர் கொள்கையப் பத்திப் பேசுறேன். அத அவர் வீட்டுக்குள்ளயே கொண்டுபோய் வெச்சுக் காட்டுறேன். வாதம்னா அப்படித்தான்."

"அந்த வீட்டுக்குள்ள ஒரு பொம்பள இருக்கா. எழுத்துக் கூட்டிப் படிப்பா. நான் போடமாட்டேன்."

புன்னகை போயிற்று. அதற்குள் என்ன இருந்தது என்று இன்றுதான் பார்த்தேன்.

"வேதசாஸ்திரத்துல எது நியாயம்னு ஒரு அச்சுக்காரப் பொம்பள எனக்குச் சொல்லித் தரணுமா?"

"வேண்டாம். பாஸ்டன்ல நிறைய அச்சுக்கூடம் இருக்கு. அங்க ஆம்பளைங்களே போட்டுத் தருவாங்க."

ஓபெத் எழுந்து வாசற்கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். "படிக்கட்டுல பாசி இருக்கு ஐயா, பாத்துப் போங்க. விழுந்தா நல்லாத்தான் இருக்கும்."

அக்கரை வேலை முழுவதும் இனி இல்லை. பஞ்சாங்கம் உட்பட. போகட்டும். இரக்கமுள்ள கர்த்தரைப் பற்றி எழுதுகிறவன் அவன்! இரக்கம்! அந்தச் சொல்லை எத்தனை தடவை அவனுக்காக அச்சுக்கோர்த்திருப்போம்.

மே 5

பாஸ்டனிலிருந்து வந்த கப்பலில் லெவரெட்டின் நூல் இறங்கிவிட்டது. நல்ல தாள், நல்ல எழுத்து, பத்தி அப்படியே இருக்கிறது. அவருடைய பழைய நூலைப் படித்து சால்வை நனைய அழுத அதே பெண்கள் கிணற்றடியில் இந்தப் பத்தியை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஹுல்தா வாளியோடு வந்தாள். ஒப்பித்தல் நின்றது. அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினாள். மறுபடி தொடங்கியது.

கார்வின் தாம்தூம் என்று குதித்துக்கொண்டு வந்தார். "நம்ம ஐயா சும்மா விடக்கூடாது! எரியுறான்னே எழுதட்டும்! சொந்தப் பிள்ளைன்னா வேதம் மாறிடுமா? நீங்க மட்டும் தாளோட தயாரா இருங்க."

வெளியே போகச் சொன்னேன். காது கேளாதவர்போல உட்கார்ந்திருந்தார்.

மே 11, வியாழன்

தாக்ஸ்டர் வந்தார். சவரம் செய்து பல நாள் இருக்கும். ஒரே ஒரு தாளை நீட்டினார். எரிகிறான் என்றே எழுதிவிட்டார் என்று நினைத்தேன். அப்படியானால் முகத்தில் விட்டெறிவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் வாங்கினேன்.

'பாலகரைக் குறித்து மூன்று நூல்கள் எழுதினேன். எனக்குத் தெரியும் என்று அவற்றில் சொன்னேன். எனக்குத் தெரியாது. என் மகன் ஒரு பகல் உயிரோடிருந்தான். அவன் எங்கே என்று என் மனைவி கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். தெரிந்தவர் கர்த்தர் ஒருவரே. அவர் எனக்குச் சொல்லவில்லை. என் நூல்களை வாசித்து அழுத தாய்மார் என்னை மன்னிக்கவேண்டும்.'

கீழே பெயர். அவ்வளவுதான். இலத்தீன் இல்லை.

இரண்டாம் முறை படித்தேன். ஏளனம் செய்ய ஏதாவது அகப்படுமா என்று பார்த்தேன், பழக்கம் விடுமா? அகப்படவில்லை.

"இத அச்சுல போட்டா உங்க சபை உங்கள வெச்சுக்காது, ஐயா."

"தெரியும்."

"லெவரெட் தான் ஜெயிச்சதா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவார்."

"சொல்லட்டும்." பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு: "ஹுல்தாவுக்கு உட்கார எடம் குடுத்தீங்களாம். அவ சொன்னா."

ஓபெத் கை துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கினான். படித்தான். "பெரிய எழுத்துல போடுறேன் ஐயா" என்றான். "கெழடுங்களுக்கும் தெரியணும்."

ஜூன் 8

சபைக் கூட்டம். பெண்களுக்கு ஓட்டு இல்லை; பின்னால் நின்று கேட்கலாம். கேட்டேன். கார்வின் எழுந்து, "தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு போதகரா? அதத்தான் நானே சொல்லுவேனே!" என்றார். பலத்த சிரிப்பு. அந்த மனிதர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அது. அதைச் சொன்னது அவருக்கே தெரியவில்லை.

கை தூக்கினார்கள். தாக்ஸ்டரை நீக்கியாயிற்று. அவருக்காகத் தூக்கியவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள்.

ஹுல்தா எல்லார் எதிரிலும் நடுவழியாக நடந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஊரில் அப்படிச் செய்யமாட்டார்கள்.

ஜூன் 20

லெவரெட் பாஸ்டன் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். முதல் பத்தியில், எதிரி தம்மிடம் சரணடைந்துவிட்டதாக. இரண்டாம் பத்தியில், 'எனக்குத் தெரியாது' என்பது நாத்திகத்தின் வாசல் என்பதாக. இது தொடர்பாக விரைவில் விரிவான நூல் வருமாம்.

வாய் விட்டுச் சிரித்தேன். ஓபெத் ஓடிவந்து என்னவென்று கேட்டான்.

ஜூலை 3

தாக்ஸ்டர் குடும்பம் இன்று ஆற்றின் மேற்புறம் போகிறது. அங்கே புதிதாகக் காடு திருத்திக் குடியேறியவர்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தப்போகிறார். வண்டியில் இரண்டு பெட்டி, ஒரு கோழிக்கூடு, கொஞ்சம் நூல்கள். ஹுல்தா வந்து கன்னத்தில் முத்தமிட்டாள். அவர் தொப்பியைக் கழற்றினார். நானும் ஏதோ சொன்னேன். நல்ல வார்த்தையாக இருந்திருக்கவேண்டும். ஓபெத் திரும்பிப் பார்த்தான்.

செப்டம்பர் 19

சபை வேலை அறவே நின்றுவிட்டது. கப்பல் விளம்பரம், காணாமற்போன குதிரை, பாட்டுத்தாள் — இவற்றில் பிழைப்பு ஓடுகிறது. ஆனால் அந்த ஒற்றைத் தாளை மூன்றாம் முறை அச்சிடவேண்டியதாயிற்று. ஆண்கள் கேட்டு வருவதில்லை. பெண்கள் வருகிறார்கள். சந்தைக்கு வந்த சாக்கில், ஒவ்வொருவராக.

இன்று வந்தவள் மலைப்பக்கத்துப் பண்ணைக்காரி. சேறு முழங்கால் வரை. விடிவதற்கு முன்பே கிளம்பியிருக்கவேண்டும்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். மறுபடி ஒருமுறை என்றாள். மறுபடி படித்தேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மேஜைக்கு அடியில் லெவரெட்டின் புதிய நூல், தடித்தது; ஆடுகிற மேஜைக்காலுக்கு முட்டுக்கொடுக்க ஓபெத் வைத்திருந்தான். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க இவ்வளவு அச்சடிக்கிறீங்களே. உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியாது" என்றேன். "எனக்கு ரெண்டு."

"எனக்கு மூணு" என்றாள். பிறகு சால்வையை அவிழ்த்து முழங்கால்மேல் போட்டுக்கொண்டு, ஹுல்தா உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஓபெத் எழுத்துத் தட்டை வைத்துவிட்டு, மூன்று கோப்பைகளை எடுத்துவரப் போனான். நான் கடைக் கதவைச் சாத்தினேன்.