என் பக்கம் உரசும் டயர்

ஜூன் 4

ஜீப்புக்குப் புது டயர் மாட்டியாயிற்று. பழசைவிடப் பெரிசு. மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இப்படியே ஓட்டினால் சேறெல்லாம் கண்ணாடியில்தான். மட்கார்டு ஓரத்தில் ஃபிளேர் என்கிற அகலமான தகட்டுப் பட்டையை வைத்து மூட வேண்டும். அது என் வேலை. எங்கள் பட்டறையில் இன்ஜின், டயர் எல்லாம் அவர், தகடு நான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

அவருக்கு மலைப்பக்கம் ஜீப் ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசியில் இந்த வண்டியோடு போகிறார். "நீயும் வா" என்று இதுவரை சொல்லவில்லை. "வராதே" என்றும் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 7

ஃபிளேர் மாட்டினேன். அவர் சுற்றி வந்து பார்த்தார். டயரில் காற்றைச் சரிபார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டினால்கூடப் பரவாயில்லை. எங்களுக்குள் சண்டையெல்லாம் கிடையாது; பேச்சு வற்றிப்போய் ரொம்ப நாளாகிறது.

ஜூன் 8

இரண்டு பேருமாக ஓட்டிப் பார்த்தோம். வாசல் மேட்டில் ஏறி இறங்கும்போது என் பக்கத்து டயர் கர்ரென்று மட்கார்டில் உரசியது. என்னை இறக்கிவிட்டு அவர் மட்டும் ஓட்டினார். சத்தமே இல்லை.

"நீ உட்கார்ந்தாத்தான் உரசுது."

முன்பெல்லாம் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்திருப்பார். நானும் "ஆமா, நீங்க மட்டும் பஞ்சு" என்று ஒரு குத்து விட்டிருப்பேன். இன்று இரண்டு பேரும் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஜூன் 9

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 13

டயர் ஓரத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு மேட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால், உரசும் இடத்தில் வெள்ளைத் தடம் விழும். மட்கார்டின் உள்மடிப்பில் விழுந்தது. கொஞ்சம் வெட்டினேன். மறுபடி தடம். மறுபடி வெட்டினேன். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு.

நாத்தனார் போனில், "பேசாம நீங்களே கேட்டுடுங்களேன், அண்ணி" என்றாள். கேட்கலாம்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? டயர் உரசாமல் போனால் தானாகக் கூப்பிடுவார் என்று இருக்கிறேன். எனக்கே சிரிப்பாக இருக்கிறது. இருந்தும் வெட்டிக்கொண்டே இருக்கிறேன்.

ஜூன் 19

அவர் வெளியே போயிருந்தார். மிச்சமிருந்த மடிப்பையும் சுத்தியலால் மேலே மடக்கி அடித்தேன். நானே ஓட்டிப் பார்ப்பதற்காக, என் சீட்டில் எனக்குப் பதில் ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வைத்தேன். சரியாமலிருக்க பெல்ட்டும் போட்டேன். சாவியைத் திருகப்போகும்போது வந்துவிட்டார்.

"இது எதுக்கு?"

"என் வெயிட்டுக்கு உரசுதான்னு பாக்க..."

"நான் தனியாத்தானே போறேன்."

கோபமே இல்லை. மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். பெல்ட்டைக் கழற்றி, மூட்டையை அவரே இறக்கிச் சுவரோரமாக வைத்தார். சிந்தாமல், பதமாக.

ஜூன் 20

நாத்தனாருக்குப் போன் பண்ணினேன். அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. நான் ஒருத்திதான் சுத்தியலைத் தூக்கிட்டு அலைஞ்சிருக்கேன் — மடச்சி. ஏங்க, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? எதுக்கு வெட்ட விட்டீங்க? அவ்வளவு நாளும் எதிர்லதானே உக்காந்திருந்தீங்க?

ஜூன் 26

சாப்பாடு வைத்தேன். சாப்பிட்டார்.

ஜூன் 30

காலையில் கிளம்பினார். "உடம்பப் பாத்துக்கோ" என்றார். "நீங்களும்" என்றேன்.

வாசல் மேட்டில் வண்டி ஏறி இறங்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். துளிச் சத்தம் இல்லை.

நான் அடித்த மடிப்பு சரியாக வந்ததாலா, என் சீட் காலியாக இருந்ததாலா? நான் ஏறி உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.